குண்டுக்கும் குழலுக்கும் நடுவே

வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில் குண்டு உள்ளே போவதும் வெளியே வருவதும் ஒரே வாசல் வழியாகத்தான். சிரமமில்லாமல் உள்ளே இறங்க வேண்டுமென்றால் குண்டு குழலைவிடச் சற்றுச் சிறுத்திருக்க வேண்டும். குறி தப்பாமல் வெளியேற வேண்டுமென்றால் குழலின் சுவரை இறுகப் பற்றிக்கொண்டு வர வேண்டும். சிறுத்த குண்டு எப்படி இறுகப் பற்றும்? துப்பாக்கிக் கொல்லர்களும் ராணுவ அதிகாரிகளும் வேட்டைக்காரர்களும் முந்நூறு ஆண்டுகளாக இந்த ஒரு கேள்விக்கு விடை தேடியிருக்கிறார்கள். அந்த விடைகளின் வழியே ஈயக்குண்டு உருமாறி வந்த கதை இது.

கதை முடிந்துவிடவில்லை. அமெரிக்காவில் ஆண்டுதோறும் மான் வேட்டைப் பருவம் நெருங்கும்போது, பழைய முறைத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் சுடுதிடலுக்குப் போய் மேசைமேல் மணல்பையைப் போட்டு, அதன்மேல் குழலைச் சாய்த்து, 50 கஜத்திலும் 100 கஜத்திலும் காகித இலக்குகளைச் சுட்டுப் பார்க்கிறார்கள். மருந்தை, கிரெயின் என்ற சிறு எடையளவில், ஐந்து ஐந்தாகக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள், குண்டைச் சுற்றும் துணியை மாற்றுகிறார்கள், அதில் தடவும் கொழுப்பை மாற்றுகிறார்கள். மருந்தின் பலத்தைச் சோதிக்கிறார்கள் என்றே பார்ப்பவருக்குத் தோன்றும். அவர்கள் தேடுவது வேறு. குண்டுக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள நூலிழை இடைவெளி ஒவ்வொரு வெடியிலும் ஒரே மாதிரி அடைபடுகிறதா என்பதே அவர்களுடைய கேள்வி.

மிசூரியின் ஈயம், பென்சில்வேனியாவின் குழல்

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். அதற்கு உலைக்களம் வேண்டாம், விறகடுப்பு போதும். மிசூரியில் பிரெஞ்சுக்காரர்கள் 1720களிலேயே ஈயம் தோண்டத் தொடங்கிவிட்டார்கள். அங்கிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் கட்டியாக வந்த ஈயத்தை எல்லைப்புறக் குடும்பங்கள் வீட்டிலேயே உருக்கி, கொறடுபோன்ற இரும்பு அச்சில் ஊற்றிக் குண்டாக்கின. அந்த அச்சு கடையில் பொதுவாகக் கிடைக்கும் சரக்கல்ல. கையால் துளைத்த ஒவ்வொரு குழலுக்கும் ஒவ்வொரு விட்டம் இருந்ததால், துப்பாக்கி செய்த கொல்லரே அதற்குரிய அச்சையும் செய்து கொடுத்தார். ஒரு துப்பாக்கியின் குண்டு பக்கத்து வீட்டுத் துப்பாக்கிக்குப் பொருந்தாமல் போவது சாதாரணம்.

ஜெர்மனியிலிருந்தும் சுவிட்சர்லாந்திலிருந்தும் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்து, லங்காஸ்டர் வட்டாரத்தில் பட்டறை வைத்தவர்கள் இந்தக் கொல்லர்கள். தாய்நாட்டில் அவர்கள் செய்துவந்த வேட்டைத் துப்பாக்கி குட்டையானது, பருமனான குண்டைச் சுடுவது. புதிய நாட்டில் ஈயமும் மருந்தும் அருமைப்பட்டன. ஆகவே குழல் நீண்டது, துளை சிறுத்தது. அக்காலத்து ஆங்கிலேயப் படைவீரனின் மஸ்கட் துப்பாக்கிக்கு ஒரு பவுண்டு ஈயத்தில் சுமார் 14 குண்டுகள் வார்க்கலாம். 0.45 அங்குலத் துளையுள்ள பென்சில்வேனியா நீள்துப்பாக்கிக்கு அதே ஈயத்தில் ஐம்பதுக்கும் மேல் கிடைக்கும். கடைவீதி பல நாள் நடைத் தொலைவில் இருந்த குடும்பத்துக்கு இது பெரிய கணக்கு.

இரண்டு துப்பாக்கிகளும் அந்த இடைவெளியை நடத்திய விதம் முற்றிலும் வேறு. மஸ்கட்டின் துளை 0.75 அங்குலம், குண்டு ஏறக்குறைய 0.69. நடுவில் தாராளமான வெற்றிடம். மருந்துக் கசடு படிந்த பிறகும் குண்டு தடையின்றி இறங்கும். வீரன் நிமிடத்துக்கு மூன்று முறை சுடலாம். வெடிக்கும்போது குண்டு குழலுக்குள் இங்குமங்கும் இடித்துக்கொண்டு வெளியே வரும், கடைசியாக எந்தப் பக்கம் இடித்ததோ அதற்கேற்ப விலகிப் போகும். வரிசையாக நின்று வரிசையைச் சுடும் போருக்கு அது போதுமாக இருந்தது. தனியாக நிற்கும் மானுக்குப் போதாது.

நீள்துப்பாக்கியின் உட்சுவரில் மரைபோல் சுழன்று செல்லும் பள்ளங்கள் வெட்டப்பட்டிருந்தன. குண்டு அந்தப் பள்ளங்களைப் பற்றினால் சுழன்றுகொண்டே வெளியேறும். சுழலும் குண்டின் சிறு வடிவக் குறைகள் எல்லாப் பக்கமும் பகிரப்பட்டு, விலகல் குறையும். பற்றுவது எப்படி என்பதற்கு அந்தக் கொல்லர்கள் கையாண்ட விடை ஒரு சின்னத் துணித்துண்டு. துளையைவிட அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு சிறிய குண்டை எடுத்து, மாட்டுக்கொழுப்போ கரடிக்கொழுப்போ தடவிய லினன் துணியை அதன் அடியில் வைத்து, இரண்டையும் சேர்த்து இடிகோலால் மருந்தின்மேல் இறக்கினார்கள். துணி நசுங்கிப் பள்ளங்களுக்குள் புகுந்தது. ஈயம் குழலைத் தொடவே இல்லை. பள்ளத்தின் சுழற்சியைத் துணிதான் குண்டுக்குக் கொடுத்தது. பின்னாலிருந்து வந்த நெருப்பையும் துணியே தாங்கியது. குழலைவிட்டு வெளியேறியதும் அதன் வேலை முடிந்தது. சில அடி தூரத்தில் கழன்று தரையில் விழுந்தது.

1820களுக்குப் பிறகு இந்தக் குண்டு மேற்கே போனது. செயின்ட் லூயிஸ் நகரில் ஜேக்கப், சாமுவேல் ஹாக்கன் சகோதரர்கள் மலைநாட்டு வேட்டைக்காரர்களுக்காகக் குட்டையும் கனமுமான குழல்களைச் செய்தார்கள். கரடியும் எல்க் மானும் திரிகிற நாட்டில் சிறு குண்டு பற்றாது. துளை அரை அங்குலத்துக்கும் மேலே ஏறியது. ஆனாலும் உருண்டையின் பிறவிக் குறை கூடவே வந்தது. காற்றைக் கிழித்துச் செல்ல உருண்டையைவிட மோசமான வடிவம் அரிது. 0.50 அங்குலத் துப்பாக்கியின் உருண்டைக் குண்டு சுமார் 177 கிரெயின் எடை, அதாவது பதினொன்றரை கிராம். நொடிக்கு 1,900 அடி வேகத்தில் புறப்படும் அது 100 கஜத்தை அடைவதற்குள் வேகத்தில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கை இழந்துவிடும். தாக்கும் ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், மூன்றில் ஒரு பங்கு ஆற்றலே மிஞ்சும். இந்தக் குறையைத் தீர்க்கக் குண்டு நீள வேண்டியிருந்தது. நீண்ட குண்டு கனமானது, கூரானது, வேகத்தைத் தக்கவைப்பது. ஆனால் அதைத் துணியில் சுற்றி இறக்க முடியாது. பழைய கேள்வி மறுபடியும் முளைத்தது.

சுங்குத்தானும் மினியேயும்

இந்த இடத்தில் கதை எதிர்பாராமல் தென்னிந்தியாவுக்கு வருகிறது. ஆங்கிலேயப் படையின் 34வது படைப்பிரிவைச் சேர்ந்த கேப்டன் ஜான் நார்ட்டன் இங்கே பணியாற்றியபோது, உள்ளூர் மக்கள் ஊதுகுழாயில் பயன்படுத்திய அம்புகளைக் கையில் வாங்கிப் பார்த்தார் என்று ஆயுத வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அம்பின் அடிப்பகுதி தாமரைத்தண்டின் பஞ்சுபோன்ற உட்சோற்றால் ஆனது. வாயால் ஊதியதும் அந்தச் சோறு விரிந்து குழாயின் உட்சுவரோடு ஒட்டிக்கொண்டது. காற்று பக்கவாட்டில் கசியாமல் முழு பலமும் அம்பின்மேல் விழுந்தது. தமிழ்நாட்டில் சுங்குத்தான் என்று வழங்கிய அந்தக் குழாயைப் பற்றி, சென்னை மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1924இல் வளரியோடும் குறுக்குவில்லோடும் சேர்த்து ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். பறவைகளையும் சிறு உயிர்களையும் வீழ்த்தும் எளிய கருவி. அதற்குள் இருந்த தத்துவம் எளிதல்ல: உள்ளே போகும்போது சிறுத்திரு, தள்ளப்படும்போது விரிந்துகொள்.

நார்ட்டன் அந்தத் தத்துவத்தை ஈயத்துக்கு மாற்றினார். அடியில் குடைந்த, முன்பக்கம் கூரான நீள்குண்டு ஒன்றை 1830களின் தொடக்கத்திலேயே முன்வைத்தார். 1836இல் வில்லியம் கிரீனர் என்ற துப்பாக்கிக் கொல்லர் குடைவுக்குள் ஆப்பு வைத்த இன்னொரு வடிவத்தைக் கொண்டுவந்தார். ஆங்கிலேய ராணுவம் இரண்டையும் ஒதுக்கித் தள்ளியது. பிரான்சில் டெல்வீன் என்ற ராணுவ அதிகாரி வேறு வழியில் முயன்றார்: குண்டு உள்ளே போன பிறகு இடிகோலால் அடித்து நசுக்கி விரியவைத்தார். அடிக்கிற கைக்குக் கை குண்டின் உருவம் மாறியது. 1849இல் கிளாட் எத்தியேன் மினியே என்ற பிரெஞ்சு அதிகாரி, குடைவில் சிறிய இரும்புக் கிண்ணம் பொருத்திய குண்டை நிலைநிறுத்தினார். ஆங்கிலேய அரசு அவருக்கு 20,000 பவுண்டு கொடுத்தது. முந்திக்கொண்ட கிரீனர் முறையிட்ட பிறகு 1857இல் அவருக்குக் கிடைத்தது 1,000 பவுண்டு.

கடைசித் திருத்தம் வர்ஜீனியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதசாலையில் நடந்தது. அங்கே பணியிலிருந்த ஜேம்ஸ் பர்ட்டன், இரும்புக் கிண்ணமே தேவையில்லை, ஈயத்தின் ஓரத்தை மெல்லியதாக வார்த்தால் வெடிப்புகையின் அழுத்தமே அதை விரிக்கும் என்று கண்டார். சைக்கிள் பம்புக்குள் இருக்கும் தோல் வாஷர், அழுத்தும்போது விரிந்து குழாயை அடைப்பதுபோல. 1855இல் அமெரிக்க ராணுவம் 0.58 அங்குலத் துளையுள்ள துப்பாக்கியோடு இந்தக் குண்டை ஏற்றது. சுமார் 500 கிரெயின் எடை, 60 கிரெயின் மருந்து. மஸ்கட்டின் வேகத்தில் கெட்டிக்கலாம், மரைக்குழலின் துல்லியத்தில் சுடலாம். 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் இரு தரப்பினரும் இதையே ஒருவர்மேல் ஒருவர் பொழிந்தார்கள். மெதுவாக வந்து மோதும் மென்மையான ஈயம் எலும்பைத் துளைத்துப் போகாமல் நொறுக்கியது. அக்காலத்து மருத்துவர்கள் அத்தனை கை கால்களை வெட்டியெடுக்க நேர்ந்ததற்கு இந்தக் குண்டும் ஒரு காரணம்.

கொழுப்பும் வெடியுப்பும்

துணிக்குக் கொழுப்பு தேவைப்பட்டதைப்போலவே மினியே வகைக் குண்டுக்கும் தேவைப்பட்டது. கருமருந்து என்பது 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்த பின் அதன் எடையில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும். அதில் ஒரு பகுதி புகையாக வெளியேறும், மீதி குழலின் சுவரில் கறையாகப் படியும். இரண்டாவது குண்டுக்கு இடைவெளி குறைந்திருக்கும், மூன்றாவதற்கு இன்னும் குறைந்திருக்கும். அந்தக் கறையை இளக்கி வைக்கத்தான் கொழுப்பு.

ஆங்கிலேயரின் என்ஃபீல்டு துப்பாக்கிக்கு வந்த காகிதத் தோட்டாவில் இந்தக் கொழுப்பு முன்கூட்டியே பூசப்பட்டிருந்தது. தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் கொட்ட வேண்டும். 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில், அது பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் என்ற பேச்சு சிப்பாய்களிடையே பரவியது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் குதிரைப்படைச் சிப்பாய்கள் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். அன்று அவர்களுக்கு நீட்டப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே. சந்தேகம் அதைக் கடந்து போய்விட்டிருந்தது. மே 10 அன்று மீரட் எழுந்தது. கிளர்ச்சிக்கு நிலம், வரி, சம்பளம், அவமானம் எனப் பல வேர்கள் உண்டு. தீ பற்றிய இடம் மட்டும், ஒரு குண்டுக்கும் குழலுக்கும் நடுவிலுள்ள இடைவெளிக்காகப் பூசிய கொழுப்பு.

அந்தக் குண்டைத் தள்ளிய மருந்துக்கும் இந்திய மண்ணே ஆதாரம். பீகாரில் நோனியா சாதியினர் ஊர்மண்ணைக் கரைத்து வடித்துக் காய்ச்சி எடுத்த வெடியுப்பு, பாட்னா வழியாகக் கல்கத்தாவுக்கும் அங்கிருந்து லண்டனுக்கும் போனது. டெலவேர் மாநிலத்தில் 1802இல் தொடங்கிய டூபாண்ட் மருந்தாலையும் இந்த உப்பை நம்பியிருந்தது. 1861 நவம்பரில் அந்தக் குடும்பத்து லாமட் டூபாண்ட் அமெரிக்காவின் வடமாநில அரசுக்காக லண்டன் போய்ச் சந்தையிலிருந்த வெடியுப்பை வாங்கிக் குவித்தார். அதே நேரத்தில் ஆங்கிலேயக் கப்பலான ட்ரென்டிலிருந்து தென்மாநிலத் தூதர்களை அமெரிக்கா பிடித்துச் சென்ற விவகாரத்தால் இரு நாடுகளும் போர் விளிம்புக்குப் போக, ஆங்கிலேய அரசு சரக்கைத் துறைமுகத்திலேயே தடுத்தது. அந்தத் தூதர்களை அமெரிக்கா விடுவித்த பிறகுதான் உப்பு கப்பல் ஏறியது.

ஓய்வும் மறுபிறப்பும்

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்ததும் மினியே வகைக் குண்டின் ராணுவ வாழ்வும் முடிந்தது. பின்பக்கம் திறந்து உலோகத் தோட்டா போடும் துப்பாக்கிகள் வந்தன. தோட்டா பின்வழியாக நுழைவதால் குண்டு குழலைவிடச் சற்றுப் பெரிதாகவே இருக்கலாம். இடைவெளி என்ற பேச்சுக்கே இடமில்லை. 1880களில் புகையில்லா மருந்து வந்ததும் கருமருந்தும் பின்னுக்குப் போனது.

அப்பலாச்சியா மலைக்கிராமங்களில் மட்டும் தாத்தாவின் நீள்துப்பாக்கி சுவரில் தொங்கியபடி இருந்தது. 1931இல் ஒஹாயோவின் போர்ட்ஸ்மவுத்தில் அத்தகைய துப்பாக்கி வைத்திருந்தவர்கள் கூடி ஒரு சுடும்போட்டி நடத்தினார்கள். அதிலிருந்து 1933இல் தேசிய வாய்வழித் துப்பாக்கிச் சங்கம் பிறந்தது. இண்டியானாவின் ஃபிரெண்ட்ஷிப் என்ற சிற்றூர் அதன் தாய்வீடானது. 1950களில் டென்னசியில் டர்னர் கிர்க்லண்ட் பழைய மாதிரித் துப்பாக்கிகளை அஞ்சல்வழி விற்கத் தொடங்கினார். 1970இல் தாம்சன் சென்டர் நிறுவனம் ஹாக்கன் என்ற பெயரிலேயே புதிய துப்பாக்கி ஒன்றைச் சந்தைக்கு விட்டது. 1974இல் பென்சில்வேனியா மாநிலம், கல்லின் பொறியால் மருந்தைப் பற்றவைக்கும் சக்கிமுக்கித் துப்பாக்கிக்கென்றே தனி மான் வேட்டைப் பருவம் ஒன்றை அறிவித்தது. மற்ற மாநிலங்களிலும் இத்தகைய பருவங்கள் பரவின. தூரம் குறைந்த, ஒரே வெடிக்கு உரிய ஆயுதம் என்பதால் காட்டில் கூடுதல் நாட்கள் கிடைத்தன. கூடுதல் நாட்கள் கிடைத்ததால் வாங்குவோர் பெருகினார்கள்.

மேசையில் என்ன நடக்கிறது

வெண்வால் மானின் நெஞ்சில் இதயமும் நுரையீரலும் இருக்கும் பகுதி சுமார் எட்டு அங்குல வட்டம். குண்டு அதற்குள் விழுந்தால் மான் விரைவில் சாயும். வெளியே விழுந்தால் காயத்தோடு காட்டுக்குள் ஓடி, நெடுநேரம் வதைபட்டுச் சாகும், அல்லது சாகாமலும் போகலாம். சோதனையெல்லாம் இந்த எட்டு அங்குலத்துக்காகத்தான்.

முதல் வேலை, குண்டுக்கும் மரைக்கும் பொருத்தம் பார்ப்பது. நீண்ட குண்டு நிலைதடுமாறாமல் போக வேகமான சுழற்சி வேண்டும், உருண்டைக்கு மெல்லிய சுழற்சி போதும். ஆங்கிலேயக் கணித அறிஞர் கிரீன்ஹில் 1879இல் தந்த எளிய வாய்பாட்டின்படி, குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி நீளத்தால் வகுத்தால், எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று வேண்டும் என்பது கிடைக்கும். 0.49 அங்குல உருண்டைக்கு அது 73 அங்குலம். 0.45 அங்குலப் பருமனும் ஒரு அங்குல நீளமும் உள்ள குண்டுக்கு 30. பழைய பாணிக் குழல்களில் 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருப்பதும், நவீனக் குழல்களில் 28 அங்குலத்துக்கு ஒரு சுற்று இருப்பதும் இதனால்தான். தாம்சன் சென்டர் ஹாக்கன் 48 அங்குலத்தை எடுத்துக்கொண்டது. உருண்டையையும் நடுத்தர நீளக் குண்டையும் ஓரளவு சமாளிக்கும் நடுவழி அது. தவறான குண்டைத் தவறான மரையில் போட்டுவிட்டு மருந்தைக் கூட்டிக் குறைப்பதில் பயனில்லை.

அடுத்தது ஒழுங்கு. கருமருந்து அளவுக்குழலால் அளக்கப்படுகிறது. ஒரே குழல், ஒரே மாதிரி தட்டிச் சமன் செய்யும் பழக்கம். துளையின் எண்ணையே தொடக்கமாக வைத்து, 0.50 துப்பாக்கிக்கு 50 கிரெயினில் தொடங்கி ஐந்து ஐந்தாகக் கூட்டுவது பழைய வழக்கம். துப்பாக்கி செய்தவர் குறித்த உச்ச வரம்பே எல்லை. புகையில்லா மருந்தை இதில் கெட்டித்தால் குழல் வெடித்துச் சிதறும். அதற்கு இந்தக் கலையில் எந்த விதிவிலக்கும் கிடையாது. குண்டு மருந்தின்மேல் முழுதும் அமர வேண்டும். பாதி வழியில் நின்றால் அதுவும் குழலை வீங்கச் செய்யும், பிளக்கவும் செய்யும். அதனால் இடிகோலில் ஒரு கோடு கிழித்து வைத்துக்கொள்கிறார்கள்: கோடு வாயோரத்தில் நின்றால் குண்டு தன் இடத்தில் இருக்கிறது.

பிறகு ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மருந்தை மாற்றினால் துணியை மாற்றக்கூடாது, துணியை மாற்றினால் கொழுப்பை மாற்றக்கூடாது. ஒவ்வொரு குண்டுக்கும் நடுவே ஈரத்துணியால் குழலைத் துடைத்தால், எல்லாக் குண்டுக்கும் ஒரே இடைவெளி கிடைக்கும். துடைக்காமல் சுட்டால் கறையும் சோதனையில் ஒரு பங்காளியாகிவிடும்.

உருண்டைக் குண்டு சுடுபவருக்கு ஒரு வசதி உண்டு: சாட்சி தரையில் கிடக்கும். குழல்வாயிலிருந்து சில கஜத் தூரத்தில் விழுந்த துணிகளைப் பொறுக்கி விரித்துப் பார்த்தால் உள்ளே நடந்தது தெரியும். நடுவில் குண்டின் வட்டத் தடம், சுற்றிலும் மரைப்பள்ளங்களின் கறுப்புக் கோடுகள் சீராக விழுந்து, துணி கிழியாமல் இருந்தால் எல்லாம் சரி. நடுவில் கருகி ஓட்டை விழுந்திருந்தால் நெருப்பு குண்டைச் சுற்றி நழுவியிருக்கிறது; துணி மெல்லியது அல்லது கொழுப்பு குறைவு. மரைக்கோடுகளின் இடத்தில் வெட்டுப்பட்டிருந்தால், புதிய குழலின் விளிம்பு கூராக இருக்கிறது அல்லது வாயோரத்தில் துணி அறுபடுகிறது. இலக்குக் காகிதத்தில் குண்டுகள் சிதறியிருப்பது நோயின் அறிகுறி. நோய் என்னவென்று சொல்வது இந்தத் துணி. மருந்து கூடக் கூடச் சிதறல் குறைந்து, ஒரு புள்ளிக்கு மேல் மறுபடி விரியத் தொடங்கும். துணி தாங்கும் வரம்பு பெரும்பாலும் அந்த இடத்தில்தான் கடக்கப்பட்டிருக்கும்.

மினியே வகைக் குண்டில் அந்தச் சாட்சி இல்லை. அதன் மெல்லிய பாவாடையே துணியின் வேலையைச் செய்கிறது. மருந்து குறைந்தால் அது விரியாது, மிகுந்தால் வாய்விட்டு வெளியேறும் நொடியில் ஒரு பக்கமாக விரிந்து குண்டைத் தள்ளாட வைக்கும். 60 கிரெயின் என்று ராணுவம் நிறுத்தியதன் காரணம் சிக்கனம் மட்டுமல்ல. மென்மையான சுத்த ஈயத்தில் வார்த்தால்தான் அது விரியும். பழைய கார்ச்சக்கர எடைக்கட்டிகளை உருக்கி வார்த்த கெட்டி ஈயம் முரண்டு பிடிக்கும். 1985இல் டோனி நைட் கொண்டுவந்த எம்.கே-85 போன்ற, மருந்துக்கு நேர் பின்னாலிருந்து பற்றவைக்கும் நேர்வரிசைத் துப்பாக்கிகள் புழக்கத்துக்கு வந்தபோது, மூன்றாவது விடையும் பரவியது: பிளாஸ்டிக் கிண்ணம். 0.50 குழலில் 0.45 கைத்துப்பாக்கிக் குண்டு, நடுவில் பிளாஸ்டிக். துணியின் பழைய வேலையைப் புதிய பொருள் செய்கிறது. வாயைத் தாண்டியதும் அதுவும் கழன்று விழுகிறது.

முதல் குண்டு

சுடுதிடலின் கணக்குக்கும் காட்டின் கணக்குக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. மேசையில் ஐந்து குண்டுகளைச் சுட்டு அவற்றின் சிதறலை அளக்கிறார்கள். காட்டில் மான் சந்திப்பது ஒரே குண்டை, அதுவும் நாள் முழுதும் குளிரில் கிடந்த குழலிலிருந்து வரும் முதல் குண்டை. எண்ணெய் துடைத்த சுத்தமான குழலிலிருந்து போகும் குண்டும், கறை படிந்த குழலிலிருந்து போகும் குண்டும் ஒரே இடத்தில் விழுவதில்லை. இடைவெளியும் உராய்வும் வேறு. எனவே அனுபவப்பட்டவர்கள் வேறொரு சோதனை வைத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு காலையும் ஒரே ஒரு குண்டை அதே காகிதத்தில் சுட்டு, பல நாளின் முதல் குண்டுகளைச் சேர்த்து அளக்கிறார்கள். அந்தக் காகிதம் பெருமை பேச உதவாது, ஆனால் பொய் சொல்லாது. சக்கிமுக்கித் துப்பாக்கியில் இன்னொரு கண்ணியும் உண்டு. விசையை அழுத்தியதற்கும் குண்டு வெளியேறியதற்கும் நடுவே கண்ணால் உணரக்கூடிய தாமதம். அதுவரை கை அசையாமல் இருக்க வேண்டும். மணல்பை அந்தப் பரீட்சையை நடத்துவதில்லை.

100 கஜத் தூரத்துக்கு உருண்டைக் குண்டு எடுத்துக்கொள்ளும் நேரம் சுமார் ஐந்தில் ஒரு நொடி. அதற்குள் புவியீர்ப்பு அதைக் குழல் நோக்கிய கோட்டிலிருந்து ஏறக்குறைய எட்டு அங்குலம் கீழே இழுத்துவிடுகிறது. அதைப் பார்வைக்குறியை உயர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். மணிக்கு 16 கிலோமீட்டர் வேகக் குறுக்குக்காற்று அதே தூரத்தில் கிட்டத்தட்ட அதே அளவு பக்கவாட்டில் தள்ளும். அதைச் சரிசெய்யக் காற்றின் வேகத்தைக் கண்ணாலேயே கணிக்க வேண்டும். மானின் நெஞ்சுவட்டமும் எட்டு அங்குலம். குறி நடுவில் இருந்தாலும் பிழைக்கு இடம் இருபுறமும் நான்கு அங்குலம்தான். உருண்டைக் குண்டு வேட்டைக்காரர்களில் பலர் 75 கஜத்தோடு நின்றுகொள்வது இந்தக் கணக்கால்தான். 50 கஜத்தில் காற்றின் தள்ளல் நாலில் ஒரு பங்குக்கு அருகில் வந்துவிடும்.

பிளாஸ்டிக் கிண்ணமும் தொலைநோக்கியும் சேர்ந்து இந்தத் தூரத்தை இருமடங்குக்கும் மேலாக்கிவிட்டன. அதனால்தான் சண்டையும் வந்தது. கொலராடோ மாநிலத்தின் வாய்வழித் துப்பாக்கிப் பருவத்தில் பிளாஸ்டிக் கிண்ணத்துக்கும் தொலைநோக்கிக்கும் அனுமதி இல்லை. இடாஹோவும் கிண்ணத்தை மறுக்கிறது. முந்நூறு ஆண்டுகள் பாடுபட்டு அடைத்த இடைவெளியை, இன்னின்ன பொருளால் மட்டுமே அடைக்கலாம் என்று சட்டம் எழுதுகிறது. கேட்க விசித்திரமாக இருந்தாலும் இதில் நியாயம் இருக்கிறது. இந்தப் பருவத்துக்குக் கூடுதல் நாட்கள் கொடுக்கப்பட்டது இந்த ஆயுதம் பலவீனமானது என்பதற்காக. பலவீனத்தை நீக்கிவிட்டுச் சலுகையை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

சட்டம் எதை அனுமதித்தாலும், தூரத்தை முடிவு செய்வது சட்டமல்ல. இன்ன குண்டு, இன்ன துணி, இத்தனை கிரெயின் மருந்து, முதல் குண்டுகள் எட்டு அங்குலத்துக்குள் நின்ற தூரம் என்று நாலு வரி எழுதிய சீட்டு ஒன்று சோதனையின் முடிவில் கையில் இருக்கும். அந்தச் சீட்டிலுள்ள மற்ற எண்களை மாற்றிப் பார்க்கலாம். கடைசி எண்ணை ஆசைக்காகக் கூட்டக்கூடாது. அதற்கு அப்பால் நிற்கும் மானைச் சுடாமல் விடுகிறவர்தான் சோதனையைச் சரியாக முடித்தவர்.